வேலூர் மொட்டை மாடியிலிருந்து செயற்கைக்கோள் பார்க்க: முழுமையான வழிகாட்டி

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில் நின்றுகொண்டு, "ஆயா, இன்னும் ரெண்டு நிமிஷத்துல அந்தத் தென்ன மரத்துக்கு மேல ஒரு வெளிச்சம் ஏறும் பாரு" என்று சொன்னபோது ஆயா நம்பவில்லை. சொன்ன நேரத்துக்கு வந்தது. சத்தம் இல்லை, சிமிட்டல் இல்லை. மரத்தைத் தாண்டி உச்சிக்குப் பக்கமாக ஏறி, வடகிழக்கே இறங்கும்போது லேசாகச் சிவந்து, திரியை அழுத்திவிட்ட மாதிரி அணைந்துபோனது. "மலைக்குப் பின்னால பூடுச்சா?" என்று கேட்டார். மலைக்கு மேல் இன்னும் இரண்டு கையளவு வெறும் வானம் பாக்கி இருந்தது. அது மலைக்குப் பின்னால் போகவில்லை. பூமியின் நிழலுக்குள் போயிருந்தது.

அந்த நிழல் புரிந்துவிட்டால் இந்தப் பொழுதுபோக்கில் முக்கால்வாசி கைவந்த மாதிரி. பலர் ராத்திரி பதினொரு மணிக்கு மாடியேறி அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமே தெரியல" என்று இறங்கிவிடுகிறார்கள். பதினொரு மணிக்கு நம்மூர் வானத்தில் தாழ்வாகச் சுற்றுகிற எதுவும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அதனால் கருவி, செயலி எல்லாவற்றுக்கும் முன்னால் நேரக்கணக்கில் இருந்து தொடங்குகிறேன்.

முதலில் நிழல் கணக்கு

செயற்கைக்கோளில் நமக்குத் தெரிகிற மாதிரி விளக்கு எதுவும் இல்லை. அதன் உடம்பிலும் சூரியத் தகடுகளிலும் பட்டுத் தெறிக்கிற வெயிலைத்தான் நாம் பார்க்கிறோம். ஆகவே நமக்கு இருட்டியிருக்க வேண்டும், அதற்கு இன்னும் வெயில் இருக்க வேண்டும். தரையில் பொழுது சாய்ந்த பிறகும் மலை உச்சியில் மஞ்சள் வெயில் கொஞ்ச நேரம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மலையை 400 கிலோமீட்டர் உயரத்துக்கு வளர்த்துப் பாருங்கள். அவ்வளவுதான் விஷயம்.

எவ்வளவு நேரம் வெயில் நிற்கும் என்பதைக் கணக்குப் போடலாம். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 420 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. நம் தலைக்கு நேர் மேலே அது இருக்கும்போது, சூரியன் நம் அடிவானத்துக்குக் கீழே 20 பாகை (டிகிரி) இறங்கும்வரை அதன்மேல் வெயில் படும். வேலூர் இருப்பது வட அட்சம் 12.9 பாகையில். இங்கே சூரியன் சரிந்து போகாமல் கிட்டத்தட்டச் செங்குத்தாக விழும், மணிக்கு ஏறக்குறைய 14 பாகை. ஆக, அஸ்தமனத்துக்குப் பிறகு 85 நிமிடம் போல. அதில் முதல் 20, 25 நிமிடம் வானம் வெளுப்பாகவே இருக்கும். மிச்சம் ஒரு மணி நேரம்.

உயரம் கூடக்கூட அவகாசமும் கூடும். 550 கி.மீ. உயரத்து ஸ்டார்லிங்க் வகையறாவுக்கு ஒரு மணி நாற்பது நிமிடம், 840 கி.மீ. உயரத்தில் சுற்றும் பழைய ராக்கெட் கட்டங்களுக்கு இரண்டு மணி நேரம் வரை. மேற்கு வானத்தில் இருப்பது இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும், கிழக்கே போவது சீக்கிரம் அணைந்துவிடும், ஏனென்றால் சாயங்காலம் நிழல் கிழக்கிலிருந்துதான் எழும்பி வருகிறது. விடியற்காலையில் இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். மேற்கே இருட்டாக இருக்கும் இடத்தில், எங்கிருந்தோ முளைத்த மாதிரி திடீரென்று பற்றிக்கொண்டு கிழக்கே போகும்.

லண்டன்காரர்கள் எழுதும் குறிப்புகளை நம்பி நாம் ஏமாறுவதும் இதனால்தான். அங்கே ஜூன் மாதம் நள்ளிரவில்கூடச் சூரியன் 15 பாகைதான் கீழே இறங்கியிருக்கும். ராத்திரி முழுக்க விண்வெளி நிலையத்தின் மேல் வெயில் அடிக்கும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வேலூரில் அஸ்தமனம் கார்த்திகையில் 5.45-ஐ ஒட்டியும் ஆடியில் 6.40-ஐ ஒட்டியும் வரும். ஆகவே சாயங்காலம் என்றால் பொதுவாக ஆறரையிலிருந்து எட்டு, விடியற்காலை என்றால் நாலரையிலிருந்து ஐந்தே முக்கால். ராச்சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிடுகிற பொழுதுபோக்கு என்பதால் வீட்டில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை

கண் போதும். முதல் ஆறு மாதம் எதையும் வாங்காதீர்கள். அப்புறமும் ஆசை விடவில்லை என்றால் 7×50 அல்லது 10×50 பைனாகுலர். அதற்கு மேல் உருப்பெருக்கம் போனால் கை நடுக்கத்தில் எதுவும் நிற்காது. தொலைநோக்கி வேண்டவே வேண்டாம். வானத்தை ஆறு நிமிடத்தில் கடக்கிற ஒன்றை அதில் துரத்துவது, ஓடுகிற பஸ்ஸை ஸ்ட்ரா வழியாகப் பார்க்கிற வேலை.

பாய் ஒன்று வேண்டும். சித்திரை, வைகாசியில் நம்மூர் மாடித் தளம் ராத்திரி எட்டு மணிக்கும் தோசைக்கல் மாதிரி கொதிக்கும், வெறும் தரையில் படுக்க முடியாது. அரை மணி முன்னால் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி வையுங்கள். கொசுவர்த்தி உங்கள் இஷ்டம்.

ஊரைச் சரியாகச் சொல்லுங்கள்

எது எப்போது வரும் என்று சொல்ல ஹெவன்ஸ் அபோவ் இருக்கிறது. தளமாகவும் கிடைக்கும், ஆண்ட்ராய்டு செயலியாகவும் கிடைக்கும். நட்சத்திரப் பின்னணியோடு பார்க்க ஸ்டெல்லாரியம். விண்வெளி நிலையம் மட்டும் போதுமென்றால் நாசாவின் 'ஸ்பாட் த ஸ்டேஷன்'. நான் எல்லாவற்றுக்கும் முதலாவதையே பார்க்கிறேன். மற்றவை சரிபார்க்க.

ஆரம்பத்தில் நான் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊரை அமைக்காமலே அட்டவணையைப் பார்த்து, மூன்று நாள் விடாமல் மாடியில் நின்றேன். ஒன்றும் வரவில்லை. நைனா வேறு கீழேயிருந்து, "இன்னாடா, வந்துச்சா உன் ஏரோப்ளேன்?" என்று தினமும் கேட்டார். நாலாவது நாள்தான் பக்கத்தின் மூலையில் இருந்த இரண்டு சுழியங்கள் கண்ணில் பட்டன. அட்சம் சுழியம், தீர்க்கம் சுழியம். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே நடுக்கடலில் மிதக்கிற ஒருவருக்கான நேரத்தை, அதுவும் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய கிரீன்விச் கணக்கில், வேலூரில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே அட்சம் 12.92 வடக்கு, தீர்க்கம் 79.13 கிழக்கு என்று போடுங்கள். நேரம் இந்திய நேரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆற்காடு, வாலாஜா, குடியாத்தம் என்றால் அந்தந்த ஊரைத் தேர்ந்தெடுங்கள். இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளிப்போனால் நேரம் சில நொடிகள்தான் மாறும், ஆனால் நிலாவுக்குக் குறுக்கே போவது மாதிரிக் கூர்மையான காட்சிகளுக்குச் சில கிலோமீட்டர் மாறினாலும் தப்பிவிடும்.

இந்தக் கணிப்பு எங்கிருந்து வருகிறது? பூமியைச் சுற்றுகிற ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. விண்வெளி நிலையம் 25544, ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 20580. அந்த எண்ணோடு சுற்றுப்பாதையின் சாய்வு, ஒரு நாளைக்கு எத்தனை சுற்று, எந்த நேரத்தில் அளந்தது என்பதெல்லாம் இரண்டே வரியில் எண்களாக வெளியாகும். கெல்சோ என்ற அமெரிக்கர் நடத்தும் செலஸ்ட்ராக் தளத்தில் அதை யாரும் எடுக்கலாம். செயலி அதைக் கொண்டு கணக்குப் போடுகிறது. தாழ்வான சுற்றுப்பாதையில் மெல்லிய காற்று இழுத்துக்கொண்டே இருப்பதால் இந்த வரிகள் சீக்கிரம் பழசாகிவிடும். விண்வெளி நிலையத்தை அவ்வப்போது எஞ்சின் போட்டு மேலே தள்ளுவதும் உண்டு. ஆகவே போன வாரம் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை நம்பி நிற்காதீர்கள். அன்றைக்கு மத்தியானம் ஒருமுறை புதுப்பித்துப் பாருங்கள்.

ஒரு வரியைப் படித்துப் பழகலாம்

ஜனவரி நடுவில் ஒரு சாயங்காலம் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒளிப்பருமன் −3.4. தொடக்கம் 18:58:10, உயரம் 10 பாகை, தென்மேற்கு. உச்சம் 19:01:28, 62 பாகை, வடமேற்கு. முடிவு 19:03:03, 28 பாகை, வடகிழக்கு.

ஒளிப்பருமன் தலைகீழ்க் கணக்கு. எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும். வானத்தில் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் −1.5, வியாழன் −2-ஐ ஒட்டி, விடிவெள்ளி −4-ஐ ஒட்டி. −3.4 என்றால் தெருவிளக்குக்குக் கீழே நின்றாலும் தெரியும். வேலூர் நகரத்துக்குள் 3 வரைக்கும் பிடிக்கலாம். நல்ல இருட்டில் 6 வரை போகலாம். ஐந்து எண் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு வெளிச்ச வித்தியாசம். இது தெரியாமல் 4.5 என்று போட்டிருப்பதைப் பார்த்து, "நாலரை, நல்லாத் தெரியும்போல" என்று கிளம்பியவர்கள் உண்டு.

தொடக்கம் 10 பாகை என்பதைக் கண்டுகொள்ள வேண்டாம். அடிவானத்துப் புழுதியில் எதுவும் தெரியாது. நீங்கள் பார்க்க வேண்டியது உச்சம். 62 பாகை என்றால் அருமை. 40-க்கு மேல் இருந்தால் மாடியேறலாம். 20 என்றால் சோம்பல் பட்டாலும் தப்பில்லை.

இப்போது முடிவைப் பாருங்கள். தொடங்கியது 10 பாகையில், முடிந்தது 28 பாகையில். இறங்கி முடிக்காமல் ஏன் பாதியில் நிற்கிறது? நிழல். உச்சியிலிருந்து ஒன்றரை நிமிடத்தில், மலைக்கு மேலே நன்றாகத் தெரிகிற உயரத்திலேயே அணையப்போகிறது என்று அட்டவணை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அந்தக் கடைசிச் சில நொடிகளைத் தவறவிடாதீர்கள். அங்கே அந்த நிலையத்துக்கு அஸ்தமனம் நடக்கிறது. நம் மாலைச் சூரியன் சிவப்பதுபோலவே அதன்மேல் படும் வெயிலும் காற்றுமண்டலத்தின் ஓரத்தை ஊடுருவி வருவதால், வெள்ளை மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, மங்கிப்போகும். பைனாகுலர் இருந்தால் வெறுங்கண்ணுக்கு அணைந்த பிறகும் கொஞ்சம் தொடரலாம். ஒரு நாளைக்குப் பதினைந்து, பதினாறு முறை அதற்கு இந்த அஸ்தமனம் வாய்க்கிறது. நமக்குத் தெரிவது அதில் ஒன்று.

வானத்தைக் கையால் அளப்பது

கையை நேராக நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அந்த முட்டியின் அகலம் 10 பாகை. சுண்டுவிரல் ஒரு பாகை. சரிபார்க்க நம்மூரிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. துருவ நட்சத்திரம் ஓர் ஊரில் எவ்வளவு உயரத்தில் தெரியுமோ அதுவே அந்த ஊரின் அட்சம். வேலூரில் 13 பாகை, அதாவது ஒரு முட்டியும் மூன்று சுண்டுவிரலும். சத்துவாச்சாரியிலிருந்து பார்த்தால் காட்பாடிப் பக்கம் தாழ்வாக, மங்கலாகக் கிடக்கும். பலர் அதை ரொம்ப உயரத்தில் தேடி ஏமாறுகிறார்கள்.

திசை காட்ட நட்சத்திரம் தெரிந்திருப்பது செல்போன் காம்பஸைவிட நம்பகமானது. மாடியில் கம்பிகளும் தண்ணீர்த் தொட்டி இரும்பும் காம்பஸைக் குழப்பிவிடும். புதுப் பெயர் எதுவும் படிக்கத் தேவையில்லை, பஞ்சாங்கத்தில் இருப்பவையே போதும். தை, மாசி சாயங்காலத்தில் கிழக்கிலிருந்து உச்சி வரைக்கும் கார்த்திகைக் கொத்து, சிவந்த ரோகிணி, இன்னொரு சிவப்பான திருவாதிரை. தெற்கே தாழ்வாக அகத்தியர் நட்சத்திரம். சித்திரை, வைகாசியில் சித்திரையும் சுவாதியும் கிழக்கே எழும்பும். ஆடி, ஆவணியில் தெற்கே விருச்சிகத்தின் நடுவில் கேட்டை. "ரோகிணிக்கும் கார்த்திகைக்கும் நடுவால போச்சு" என்று சொல்லத் தெரிந்துவிட்டால் நீங்கள் பார்த்ததை இன்னொருவர் சரிபார்க்க முடியும்.

போகிற திசையே பெயர் சொல்லும்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. செயலியைப் பார்க்காமலே, போகிற திசையை வைத்து என்ன வகை என்று பாதி ஊகித்துவிடலாம். சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டுக்கு எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பது வானத்தில் அது இழுக்கிற கோட்டிலேயே தெரியும்.

விண்வெளி நிலையத்தின் சாய்வு 51.6 பாகை. நமக்கு அது தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்கோ, வடமேற்கிலிருந்து தென்கிழக்குக்கோ போகும். வேறு வழியில் போகவே போகாது. அதன் சுற்றுத்தளம் சூரியனைப் பொறுத்து மெல்லத் திரும்பிக்கொண்டே இருப்பதால், சில நாள் சாயங்காலம், சில நாள் விடியற்காலை, இடையில் கொஞ்ச நாள் காணாமலே இருக்கும். இரண்டு மாதத்துக்கொருமுறை இந்தச் சக்கரம் சுற்றி வரும். "போன வாரம் தெரிஞ்சுது, இந்த வாரம் ஏன் இல்ல?" என்ற கேள்விக்கு அதுவே பதில். 2025 ஜூன் கடைசியில் சுபான்ஷு சுக்லா அங்கே போய்ப் பதினெட்டு நாள் தங்கியபோது தெருவில் பாதிப் பேர் என்னைக் கேட்டார்கள். ஆனி மேகம் பெரும்பாலும் மறைத்துவிட்டது, என்ன செய்ய.

சீனாவின் டியாங்காங் நிலையத்தின் சாய்வு 41.5 பாகை. கொஞ்சம் கிழக்கே சாய்ந்த கோடு. நல்ல நாளில் சிரியஸோடு போட்டி போடும்.

ஹப்பிள் நம் ஊர்க்காரர்களுக்கென்றே விட்ட மாதிரி. சாய்வு 28.5 பாகைதான் என்பதால் லண்டனில் இருப்பவர் ஆயுளுக்கும் அதைத் தன் அடிவானத்துக்கு மேல் பார்க்க முடியாது. நமக்கோ தலைக்கு மேலேயே போகும், ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காக. இரண்டாம் பருமன் அளவில் இருக்கும், நகரத்துக்குள் கொஞ்சம் தேட வேண்டும். 1990 ஏப்ரலில் ஏவிய அந்தத் தொலைநோக்கியின் படங்களைப் பாடப்புத்தகத்தில் பார்த்த பிள்ளைகளுக்கு அதையே நேரில் காட்டலாம்.

நம்முடைய விண்வெளித் தொலைநோக்கியான அஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28-இல் ஏவப்பட்டது. சாய்வு வெறும் 6 பாகை, உயரம் 650 கி.மீ. 2024 ஜனவரி 1-இல் போன எக்ஸ்போசாட்டும் அதே மாதிரிப் பாதை. 6 பாகைக்கு வடக்கே அவை வரவே வராது என்பதால், வேலூரிலிருந்து தெற்கு வானத்தில் மட்டும், அதிகம் போனால் 35 பாகை உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்கும். மங்கல்தான். நகரத்தை விட்டு விலகி, பைனாகுலரோடு, நிமிடக்கணக்கைத் துல்லியமாக வைத்துத் தேட வேண்டும்.

வடக்கு தெற்காகப் போனால் அது பெரும்பாலும் பூமியைப் படமெடுக்கிற துருவச் சுற்றுப்பாதைக் கோள். நேர் கிழக்கிலிருந்து மேற்காக எதுவும் போனால் முதலில் விமானம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பூமி சுழலும் திசையில் ஏவினால் எரிபொருள் மிச்சம் என்பதால் பெரும்பாலும் கிழக்கே பார்த்தே ஏவுகிறார்கள். கிழக்கே அண்டை நாடுகள் இருப்பதால் மேற்கே மத்தியதரைக் கடல்மேல் ஏவுகிற இஸ்ரேலின் ஓஃபெக் கோள்கள் இதற்கு விதிவிலக்கு.

ஒளி கூடிக் குறைந்து, சில நொடிக்கொருமுறை பளிச் பளிச்சென்றால் அது உருண்டுகொண்டே சுற்றும் காலி ராக்கெட் கட்டம். இந்தச் செத்த ராக்கெட்டுகளை நான் விண்வெளி நிலையத்தைவிட அதிகம் ரசிக்கிறேன். ஒரு பளிச்சுக்கும் அடுத்ததற்கும் எத்தனை நொடி என்று எண்ணுவதே ஒரு விளையாட்டு.

ஒரே வரிசையில் இருபது முப்பது புள்ளிகள் ரயில் மாதிரி போனால் ஸ்டார்லிங்க். ஏவிய முதல் சில நாள்தான் அப்படித் தெரியும், பிறகு பிரிந்து உயரே போய் மங்கிவிடும். 2019 மே மாதம் முதல் அறுபது போனதிலிருந்து எந்த ஊரிலாவது "பறக்கும் தட்டு" செய்தி வராத வருஷம் இல்லை. பழைய ஆட்கள் இரிடியம் என்ற தொலைபேசிச் செயற்கைக்கோள்களின் பளிச்சைப் பற்றிச் சொல்வார்கள், நிலவொளிபோல ஒரு கணம் வெட்டும் என்று. அந்தக் கோள்களில் பெரும்பாலானவற்றை இறக்கிவிட்டார்கள். இனி தேட வேண்டாம்.

விமானத்தோடு குழப்பம் வருவது இயல்பு, சென்னை–பெங்களூரு விமானங்கள் நம் வானத்தில் ஓயாது. சிவப்பு பச்சை, விட்டுவிட்டு மின்னுவது, கடைசியில் ஒரு முனகல் சத்தம் இருந்தால் விமானம். எரிகல் ஒன்றிரண்டு நொடியில் முடிந்துவிடும். விதிவிலக்காக, துண்டு துண்டாக உடைந்து, வால்களோடு, நிதானமாக அரை நிமிடத்துக்கு மேல் போனால் அது பூமிக்குத் திரும்பி எரிகிற ராக்கெட். 2022 ஏப்ரல் 2 இரவு மகாராஷ்டிரத்தில் அப்படி ஒரு சீன ராக்கெட் கட்டம் எரிந்தது. சந்திரபூர் மாவட்டத்துக் கிராமத்தில் பெரிய உலோக வளையம் ஒன்று விழுந்து கிடந்தது.

எங்கே, எந்த மாதம்

பிரகாசமானவற்றுக்கு வீட்டு மாடியே போதும். நகரத்துக்குள் ஒரே குறை, கிழக்கே மலை மறைப்பது. விடியற்காலைக் காட்சிக்குக் காட்பாடிப் பக்கம் தேவலை. பாலாற்றங்கரை திறந்த வெளிதான், ஆனால் மணல் லாரி வெளிச்சமும் நாய்களும் தொல்லை. ஏலகிரியில் தங்கினால் மாடியறையாகக் கேளுங்கள்.

மங்கலானவற்றுக்கு ஜவ்வாது மலைக்கு ஈடில்லை. வாணியம்பாடி வழியாக ஆலங்காயம் போய் ஏறினால் காவலூர். 2019-இல் மாவட்டம் பிரிந்த பிறகு அது திருப்பத்தூரில் இருக்கிறது, ஆனால் பழைய வடஆற்காட்டுக்காரர்கள் யாரும் அதை விட்டுக்கொடுக்க மாட்டோம். சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் வைணு பாப்பு வான்காணகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6-இல் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். 4130 ராமானுஜன் என்ற சிறுகோளை 1988-இல் கண்டுபிடித்தது காவலூரில்தான். போவதாக இருந்தால் பார்வையாளர் நாள், நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் காரின் ஹெட்லைட்டை அடித்துக்கொண்டோ லேசரை வானத்தில் காட்டிக்கொண்டோ நிற்காதீர்கள். நமக்குக் கொண்டாட்டமான செயற்கைக்கோள், அவர்கள் எடுக்கும் படத்தின் குறுக்கே விழுகிற கீறல் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

காட்டு ஓரத்தில் இருட்டில் தனியாக நிற்காதீர்கள். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். ஷூ, டார்ச், கூட ஒருவர். டார்ச் முகப்பில் சிவப்பு கண்ணாடித்தாள் ஒட்டினால் கண்ணின் இருட்டுப் பழக்கம் கெடாது. அந்தப் பழக்கம் வர இருபது நிமிடம் ஆகும், ஒருமுறை செல்போனைப் பார்த்தால் போய்விடும்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு விட்டுவிடுங்கள்.

பார்த்ததை எழுதி வையுங்கள்

சும்மா பார்ப்பது ஒரு மாதத்தில் அலுத்துவிடும். அளக்கத் தொடங்கினால் அலுக்காது. வேலை எளிது. நெருக்கமான இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே அது கடக்கும் கணத்தைக் குறிக்க வேண்டும். கடிகாரத்தைக் குனிந்து பார்த்தால் தவறிவிடும், ஆகவே செல்போனில் குரல் பதிவை ஓடவிட்டு, ஆரம்பத்தில் மணியை நொடியோடு வாயால் சொல்லிவிடுங்கள். கடக்கும்போது "இப்ப" என்று ஒரே வார்த்தை. அப்புறம் கேட்டுக் கணக்குப் போட்டால் அரை நொடிக்குள் வரும். தேதி, எந்த நட்சத்திரங்களுக்கு நடுவே, எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு பிரகாசம், எங்கே அணைந்தது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். 1957 அக்டோபர் 4-இல் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் போவதற்கு முந்தைய வருஷமே, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் உலகமெங்கும் பொதுமக்களைக் குழுக்களாகச் சேர்த்து இதே வேலையைச் செய்யவைக்கத் திட்டம் போட்டது. மூன்வாட்ச் என்று பெயர். அதோடு சேர்த்து நிறுவிய, செயற்கைக்கோளைப் படமெடுக்கும் பேக்கர்–நன் காமிராக்களில் ஒன்று நம் நைனிடாலில் இருந்தது. ஸ்புட்னிக்கைப் பார்த்தோம் என்றவர்களில் அநேகம் பேர் பார்த்தது, கூடவே சுற்றிய பெரிய ராக்கெட் கட்டத்தை. ஸ்புட்னிக் பந்து ரொம்பச் சின்னது.

படமெடுக்க ஆசை வந்தால், செல்போனை முக்காலியிலோ இரண்டு செங்கல்லுக்கு நடுவிலோ நிறுத்தி, புரோ மோடில் ஐ.எஸ்.ஓ. 200, ஷட்டர் திறப்பு 15 நொடி. டைமர் போட்டுவிடுங்கள், விரல் பட்டால் அசையும். நகர வெளிச்சத்தில் படம் வெளுத்தால் நொடியைக் குறைத்துப் பல படமாக எடுத்து அடுக்கலாம். நட்சத்திரத்தின் நடுவே நேரான வெள்ளைக் கோடு கிடைக்கும். கோட்டின் ஒரு முனை கூர்ந்து மெலிந்திருந்தால் அதுவே நிழலின் விளிம்பு.

முக்காலியும் பெரிய லென்ஸும் உள்ளவர்களுக்கு ஒரு தனி வேலை. மாடியில் இருக்கிற டி.டி. ஃப்ரீ டிஷ் தட்டு 93.5 பாகை கிழக்கில் இருக்கும் ஜிசாட்–15-ஐப் பார்த்து நிற்கிறது. இந்த நிலைக்கோள்கள் 35,786 கி.மீ. உயரத்தில் அசையாமல் தொங்குகிற மாதிரித் தெரியும். வேலூரிலிருந்து அவை இருக்கும் வரிசை வானநடுக்கோட்டுக்கு இரண்டேகால் பாகை தெற்கே ஓடுகிறது. அதாவது, ஓரியன் வேட்டைக்காரனின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குச் சற்றுக் கீழே. காமிராவை அங்கே பூட்டிவிட்டு நீண்ட திறப்பில் படங்கள் எடுத்தால், நட்சத்திரங்கள் கோடாக இழுபடும், நடுவே சில மங்கிய புள்ளிகள் மட்டும் நகராமல் நிற்கும். மார்ச், செப்டம்பர் சமஇரவு நாட்களை ஒட்டி அவை சில நிமிடம் பளிச்சென்று ஒளிரவும் செய்யும்.

ஸ்ரீஹரிகோட்டா நாட்கள்

இதைச் சொல்லாமல் விட்டால் நம்மூர் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். ஏவுதளம் வேலூரிலிருந்து நேர்கோட்டில் சுமார் 150 கி.மீ., வடகிழக்கே. ராத்திரியிலோ விடியற்காலையிலோ ஏவினால், மேகம் இல்லாத நாளில் நன்றாகத் தெரியும். மலை மறைக்காத மாடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரலை சில நொடிகள் பின்தங்கும், கடிகாரத்தையே நம்புங்கள். புறப்பட்டதும் தெரியாது. ஒரு நிமிடம் போலப் பொறுத்தால் வடகிழக்கே செம்மஞ்சள் பொட்டு ஒன்று கட்டடங்களுக்கு மேல் எழும்பி, வலப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். துருவப் பாதைக்குப் போகிற பி.எஸ்.எல்.வி.யாக இருந்தால் முதலில் தென்கிழக்கே கடலுக்குள் போய், இலங்கையைச் சுற்றிக்கொண்டு தெற்கே திரும்பும். இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வெளிச்சம் பொசுக்கென்று குறையும். பயப்பட வேண்டாம், முதல் கட்டத்தின் திட எரிபொருள் தீர்ந்துவிட்டது. அடுத்த கட்டம் திரவ எரிபொருளில் மங்கலாக எரியும். அதைப் பைனாகுலரால் இன்னும் கொஞ்ச தூரம் பிடித்துக்கொண்டு போகலாம்.

சத்தம் கேட்குமா என்று ஆயா ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஒலி 150 கி.மீ. நடந்து வர ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகும், வந்து சேர்வதற்குள் தேய்ந்துவிடும். இருந்தாலும் ஏழு நிமிடம் முடிகிறவரை அவர் கீழே இறங்குவதில்லை.